தமிழ்நாட்டில் புயல் எச்சரிக்கையும் உள்ளூர் முன்னேற்பாடும்

புயல் முன்னேற்பாடு என்பது, கடலில் உருவான புயல் கரையைக் கடப்பதற்கு முன்னரே உயிர்களையும் உடைமைகளையும் காக்கும்பொருட்டு அரசும் ஊர் மக்களும் மேற்கொள்ளும் செயற்பாடுகளின் தொகுப்பு ஆகும். தமிழ்நாட்டைத் தாக்கும் புயல்களில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் வங்காள விரிகுடாவில் உருவாகின்றன. புயலைத் தடுக்க இயலாது. ஆயினும் அதன் வருகை பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே அறியப்படுகிறது. அச்செய்தி உரியவரைச் சென்றடைந்ததா, சென்றடைந்தபின் அவர் என்ன செய்தார் என்பவற்றைப் பொறுத்தே உயிரிழப்பு பெருமளவு அமைகிறது.

புயலின் வகைகள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, காற்றின் நீடித்த வேகத்தைக் கொண்டு கடலில் தோன்றும் தாழ்வழுத்த அமைப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்துகிறது. வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் தரப்பட்டுள்ளது.

* காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 31 – 49
* ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 50 – 61
* புயல்: 62 – 88
* தீவிரப் புயல்: 89 – 117
* மிகத் தீவிரப் புயல்: 118 – 166
* அதிதீவிரப் புயல்: 167 – 221
* சூப்பர் புயல்: 222 மற்றும் அதற்கு மேல்

புயல் என்னும் நிலையை அடைந்த பின்னரே அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. எனினும் பெயர் பெறாத தாழ்வு மண்டலமும் பெருமழையையும் வெள்ளத்தையும் உண்டாக்கக் கூடும்.

எச்சரிக்கையின் நான்கு நிலைகள்

புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளில் வெளியிடப்படுகிறது.

1. முன்னறிவிப்புக் கண்காணிப்பு: ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன்னர். கடலில் ஒரு தாழ்வு மண்டலம் புயலாகக் கூடும் என்பதும், எந்தக் கடற்கரைப் பகுதி பாதிக்கப்படலாம் என்பதும் இதில் கூறப்படும்.
2. புயல் விழிப்பறிவிப்பு: கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்னர். இதன் நிறம் மஞ்சள்.
3. புயல் எச்சரிக்கை: குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னர். புயல் கரையைக் கடக்கும் இடமும் நேரமும் இதில் இடம்பெறும். இதன் நிறம் செம்மஞ்சள்.
4. கரைகடந்த பின்னரான நிலை பற்றிய அறிவிப்பு: கரையைக் கடப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரத்திற்கு முன்னர். உள்மாவட்டங்களில் எதிர்பார்க்கப்படும் காற்றும் மழையும் இதில் கூறப்படும். இதன் நிறம் சிவப்பு.

மழைக்கான நிற எச்சரிக்கை இதனின்று வேறானது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கப்படும்போது பொதுவாகச் சிவப்பு நிற எச்சரிக்கை விடுக்கப்படுகிறது.

துறைமுக எச்சரிக்கைக் கூண்டுகள்

செய்திகளில் அடிக்கடி கேட்கப்படும் "புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்பது கப்பல்களுக்கான குறியீடு ஆகும். பகலில் கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவங்களாலும் இரவில் விளக்குகளாலும் இது காட்டப்படுகிறது. கூண்டுகளின் எண்கள் 1 முதல் 11 வரை உள்ளன.

* 1, 2: தொலைவில் கடலில் தாழ்வு மண்டலம் அல்லது புயல் உள்ளது. துறைமுகத்திற்கு உடனடிப் பாதிப்பு இல்லை.
* 3, 4: துறைமுகத்தில் மோசமான வானிலை ஏற்படக் கூடும்.
* 5, 6, 7: புயலால் துறைமுகத்திற்கு அபாயம்.
* 8, 9, 10: தீவிரப் புயலால் துறைமுகத்திற்குப் பெரும் அபாயம்.
* 11: எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு துண்டிக்கப்பட்டுள்ளது.

எண் கூடக்கூடப் புயலின் வேகமும் கூடுகிறது என்பது பரவலாக உள்ள தவறான கருத்து ஆகும். 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயத்தையே குறிக்கின்றன. புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருப்பின் 5, வலப்புறம் இருப்பின் 6, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7 ஆகிய எண்கள் ஏற்றப்படும். 8, 9, 10 ஆகியவையும் இதே வரிசையில் அமைந்தவை.

காற்றின் திசை

பாதையின் எப்புறத்தில் இருக்கிறோம் என்பது கரையில் வாழ்வோர்க்கும் முக்கியமானது. வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகாரச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயல் தமிழகக் கரையைக் கடக்கும்போது, கடக்கும் இடத்திற்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. கடல்நீர் ஊருக்குள் புகும் அபாயம் இப்பக்கத்திலேயே மிகுதி. தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது.

புயலின் மையம் நேராகக் கடக்கும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து கடுங்காற்று வீசும். தெளிவான கண் பகுதி கொண்ட புயலாயின், பின்னர் காற்று திடீரென ஓய்ந்து அமைதி நிலவும். சிறிது நேரத்தில் அதே வேகத்துடன் தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். இடைப்பட்ட அமைதியைப் புயல் முடிந்ததாகக் கருதி வெளியே வருவது உயிருக்கு ஆபத்தானது.

உள்ளூர் நிர்வாகம்

2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பேரிடர் மேலாண்மை ஆணையம் இயங்குகிறது. எச்சரிக்கை ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரை அடைகிறது. தாழ்வான பகுதிகளில் வசிப்போரைப் பள்ளிகள், திருமண மண்டபங்கள், பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் ஆகியவற்றிற்கு மாற்றும் பணி ஊர் அளவிலேயே நடைபெறுகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படைப்பிரிவு அரக்கோணத்தில் அமைந்துள்ளது. மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.

முந்தைய புயல்களின் படிப்பினைகள்

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் தொடர்வண்டி கடல் அலையால் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்தோர் உயிரிழந்தனர். வண்டியை நிறுத்தும் அளவிற்குத் தெளிவான செய்தி அன்று அதனை இயக்கியவர்களிடம் இல்லை.

2017 ஆம் ஆண்டு ஒக்கிப் புயல், தாழ்வு மண்டலமாக அறியப்பட்ட ஏறத்தாழ ஒரு நாளில் புயலாக வலுப்பெற்றது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் அதற்கு முன்னரே கடலுக்குச் சென்றிருந்தனர். கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்த அவர்களுள் பலரைச் செய்தி சென்றடையவில்லை. பலர் கரை திரும்பவில்லை. இதன் பின்னரே ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் பரவலாகத் தரப்பட்டன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. முன்கூட்டியே பல்லாயிரக்கணக்கானோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். ஆயினும் வீழ்ந்த தென்னைகளாலும் மின்கம்பங்களாலும் பல ஊர்கள் நீண்ட நாட்கள் மின்சாரமும் குடிநீரும் இன்றித் தவித்தன. முன்னேற்பாடு என்பது புயல் வீசும் இரவிற்கு மட்டும் உரியதன்று என்பதை இது உணர்த்தியது.

2023 டிசம்பரில் மிக்சாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே சென்னை அதன் மழையால் வெள்ளத்தில் மூழ்கியது. 2024 ஆம் ஆண்டு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னர் கிருஷ்ணகிரி போன்ற உள்மாவட்டங்களில் பெருமழை பொழியச் செய்தது. புயல் வேறிடத்தில் கடக்கிறது என்பதால் மட்டும் ஓர் ஊர் பாதுகாப்பானதாகி விடாது.

குடியிருப்போர் செய்ய வேண்டியவை

பருவமழைக்கு முன்:
* கூரை, ஓடுகள், சுவர்களைச் சரிபார்த்தல், வடிகால்களைத் தூர்வாருதல்.
* அருகிலுள்ள பாதுகாப்பு மையத்தையும் அதற்கான வழியையும் அறிந்திருத்தல்.
* முதியோர், கருவுற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளை ஊரளவில் பட்டியலிடுதல்.

எச்சரிக்கை வந்த பின்:
* கடலுக்குச் செல்லாதிருத்தல். படகுகளை மேடான இடத்தில் கட்டுதல்.
* மின்சாரம் உள்ளபோதே குடிநீரைச் சேமித்தல். கைப்பேசிகளுக்கு மின்னேற்றம் செய்தல்.
* குடும்ப அட்டை, பட்டா, மருந்துகள் ஆகியவற்றை நீர்புகாப் பையில் வைத்தல்.
* தென்னையின் முதிர்ந்த மட்டைகளையும் காய்களையும் அகற்றிக் காற்றின் விசையைக் குறைத்தல்.
* கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேட்டுப்பாங்கான இடத்தில் விடுதல்.
* வெளியேறுமாறு கூறப்பட்டால், வெளிச்சம் உள்ளபோதே வெளியேறுதல்.

புயல் கடந்த பின்:
* அறுந்து கிடக்கும் மின்கம்பிகளையும், அவற்றைத் தொட்டு நிற்கும் நீரையும் அணுகாதிருத்தல்.
* நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தல்.
* வெள்ளம் ஓடும் தரைப்பாலங்களைக் கடக்காதிருத்தல்.

இவற்றையும் பார்க்க

* வடகிழக்குப் பருவமழை
* தனுஷ்கோடி
* ஒக்கிப் புயல்