ஒரு பந்தாட்டம் பார்க்க நான்கு நாள் கூலி!

அமெரிக்க மக்கள் தங்கள் தேசிய விளையாட்டு என்று உரிமை கொண்டாடுவது 'பேஸ்பால்' என்னும் பந்தாட்டத்தை. கிரிக்கெட் அறிந்த நமக்கு அது முற்றிலும் புதியதன்று. அணிக்கு 9 பேர். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒருவர் பந்தை எறிய, எதிரணியினர் உருண்டை மட்டையால் அதை அடித்துவிட்டு ஓடுவார். தொழில்முறை ஆட்டங்களில் உச்சமானது 'மேஜர் லீக்'. அதில் 30 அணிகள் உள்ளன. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பாதி சொந்த ஊரில் நடைபெறும்.

இத்தனை ஆட்டங்கள் நடைபெறுவதால், ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் தம் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சென்று காணத்தக்க எளியோரின் ஆட்டம் என்று அது பெயர் பெற்றது. அந்தப் பெயர் இன்றும் பொருந்துமா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

கணக்கு என்ன சொல்கிறது?

'டீம் மார்க்கெட்டிங் ரிப்போர்ட்' என்னும் அமெரிக்க வணிக வெளியீடு, நான்கு பேர் கொண்ட குடும்பம் ஓர் ஆட்டத்துக்குச் சென்றுவர ஆகும் செலவை 1991ஆம் ஆண்டு முதல் கணக்கிட்டு வந்துள்ளது. 4 நுழைவுச்சீட்டுகள், ரொட்டிக்குள் இறைச்சிக் குழல் வைத்த 4 'ஹாட் டாக்', 4 குளிர்பானங்கள், 2 பீர், 2 தொப்பிகள், கார் நிறுத்தும் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். செல்வந்தர்களுக்கான சிறப்பு இருக்கைகள் சராசரியில் சேர்க்கப்படுவதில்லை.

1991இல் சாதாரண நுழைவுச்சீட்டு ஒன்றின் சராசரி விலை 9 டாலருக்கும் குறைவு. 2019இல் அது ஏறத்தாழ 33 டாலர். இந்த 28 ஆண்டுகளில் அமெரிக்காவின் பொதுவான விலைவாசி இரு மடங்கைக்கூட எட்டவில்லை. ஆட்டச்சீட்டின் விலையோ நான்கு மடங்கை நெருங்கிவிட்டது.

2019இல் நால்வர் குடும்பத்தின் மொத்தச் செலவு சராசரியாக 234 டாலர். அந்நாட்டு நடுவண் அரசு விதித்துள்ள குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அது உயர்த்தப்படவில்லை. பல மாநிலங்கள் இதனினும் கூடுதலாக நிர்ணயித்துள்ளன என்பது உண்மை. ஆயினும் இந்த அடிமட்டக் கூலி பெறும் ஒரு தந்தை, மூன்று மணி நேர ஆட்டம் ஒன்றைக் குடும்பத்துக்குக் காட்ட 32 மணி நேரத்துக்கும் மேலாக உழைத்தாக வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால், அது நான்கு முழு நாட்களின் வியர்வை!

விலை ஏறியது ஏன்?

ஆட்டக்காரர்களின் சம்பளமே காரணம் என்று பலரும் கூறுவர். 1975ஆம் ஆண்டு இறுதியில் வெளியான நடுவர் தீர்ப்பு ஒன்று, ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குச் செல்ல வழி திறந்தது. அதன்பின் சம்பளம் வானளாவ உயர்ந்தது. 2024 டிசம்பரில் ஜுவான் ஸோட்டோ என்னும் ஆட்டக்காரரை, 15 ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலருக்கு நியூயார்க் மெட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது.

எனினும் சம்பளத்தை மட்டும் குற்றம் சாட்டுவது முழு உண்மையாகாது. 2009இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் புதிய அரங்கம் திறக்கப்பட்டபோது, முன்வரிசைச் சீட்டு ஒன்றுக்கு 2,500 டாலர் வரை விலை வைக்கப்பட்டது. அந்த இருக்கைகள் காலியாகக் கிடந்ததைத் தொலைக்காட்சி வழியாக நாடே கண்டது. சில வாரங்களிலேயே அவற்றுள் பலவற்றின் விலை பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆட்டக்காரர் எவருடைய சம்பளமும் அதற்காகக் குறையவில்லை!

அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி, எதிரணி, கிழமை, வானிலை ஆகியவற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் சீட்டின் விலையை மாற்றும் முறையைச் சோதித்துப் பார்த்தது. மறு ஆண்டில் அரங்கம் முழுவதற்கும் அதை விரிவாக்கியது. அதே இருக்கை, அதே அணி. விலை மட்டும் வேறு! மக்கள் எவ்வளவு தரச் சம்மதிப்பார்கள் என்பதே விலையை முடிவு செய்கிறது என்பதற்கு இவற்றை விடச் சான்று வேண்டுமோ?

போட்டியின்மையும் ஒரு காரணமே. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் தீர்ப்பளித்தது. 1998க்குப் பின் மேஜர் லீக்கில் புதிய அணி எதுவும் சேர்க்கப்படவில்லை. அரங்கங்கள் பலவும் பொதுமக்களின் பணத்தில் எழுந்தவை. 1992இல் திறக்கப்பட்ட பால்டிமோர் நகரின் புகழ்பெற்ற அரங்கம், மேரிலாந்து மாநில அரசின் லாட்டரி வருவாயைக் கொண்டு கட்டப்பட்டது. மக்கள் பணத்தில் எழுந்த அரங்கத்துக்குள் நுழைய, அதே மக்கள் மீண்டும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

குறைந்த செலவில் ஆட்டம் காணச் சிற்றூர்களில் 'மைனர் லீக்' அணிகள் உண்டு. அவற்றுள்ளும் மேஜர் லீக்குடன் இணைந்திருந்தவை சுமார் 160ஆக இருந்து, 2021இல் 120ஆகக் குறைக்கப்பட்டன.

சிக்கனத்துக்கு வழி உண்டா?

அமெரிக்காவில் வாழும் முஸ்லிம் குடும்பங்களும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றன. பள்ளித் தோழர்கள் கண்டு மகிழ்ந்த ஆட்டத்தைத் தானும் காண வேண்டும் என்று பிள்ளை கேட்பது இயல்பு. முற்றிலும் மறுப்பது பிள்ளையின் மனத்தை வாட்டும். கடன் பட்டுக் காட்டுவதோ குடும்பத்தை வாட்டும்.

மேற்கண்ட கணக்கைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 234 டாலரில் சீட்டுகளுக்கு ஆவது ஏறத்தாழ 132 டாலர். மீதமுள்ள 102 டாலர் தின்பண்டம், பானம், தொப்பி, கார் நிறுத்தம் ஆகியவற்றுக்கே போகிறது. ஆட்டத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

'குடும்பச் செலவு' என்னும் பட்டியலில் மதுவும் இடம்பெற்றிருப்பதைக் கவனித்தீர்களா? 1974 ஜூன் 4 அன்று கிளீவ்லாந்து நகரில் கூட்டம் சேர்ப்பதற்காகப் பீரைப் பத்து சென்ட்டுக்கு விற்றார்கள். போதை தலைக்கேறிய ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஆட்டக்காரர்களைத் தாக்கினர். ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி எதிரணிக்கு வழங்கப்பட்டது. விலை மலிந்தாலும் தீமை தீமையே!

பல அரங்கங்களில் வீட்டிலிருந்து உணவு கொண்டுசெல்ல அனுமதி உண்டு. ஹலாலான உணவைக் கட்டி எடுத்துச் சென்றால் பேணுதலும் நிறைவேறும், பணமும் மிஞ்சும். வார நாட்களில், பெயர் பெறாத எதிரணியுடன் நடக்கும் ஆட்டத்துக்குச் சீட்டு பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். பால்டிமோர் அணி 2018இல், பெரியவர் ஒருவர் சீட்டு வாங்கினால் 9 வயதுக்குட்பட்ட இரு குழந்தைகளுக்கு மேல்தளத்தில் இலவச அனுமதி என்று அறிவித்தது. இத்தகைய சலுகைகளை முன்கூட்டியே விசாரித்து அறிவது நலம். மறைமுகக் கட்டணங்களையும் சேர்த்து முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க அரசின் விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், வாங்குவோர் ஏமாறும் வாய்ப்பும் குறைந்துள்ளது.

நடுநிலையே நன்று

பிள்ளைகளை மகிழ்விப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. வீண்விரயத்தையே அது கண்டிக்கிறது. கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் இடைப்பட்ட வழியே முஃமினின் வழி. ஆட்டம் பார்ப்பது வேறு. அதைச் சுற்றி விரிக்கப்பட்ட கடைத்தெருவில் சம்பளத்தைக் கொட்டுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் பெற்றோர், ஓர் ஆட்டத்தை மட்டுமன்று, வாழ்நாள் முழுதும் உதவும் ஒரு பாடத்தையும் அவர்களுக்கு அளித்தவர் ஆவர்.

உழைத்து ஈட்டிய பொருளை முறையறிந்து செலவிடும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.