பேதிக்குப் பழச்சாறு மருந்தல்ல

குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்றதும் மெடிக்கலுக்கு ஓடி "ஓ.ஆர்.எஸ். கொடுங்க" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் எடுத்து நீட்டுவது பல நேரம் ஸ்ட்ரா ஒட்டிய, ஆரஞ்சுப் படம் போட்ட டெட்ரா பேக். குழந்தையும் விரும்பிக் குடிக்கிறது, வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் பேதி நிற்பதில்லை, சில குழந்தைகளுக்குக் கூடுகிறது. காரணம் எளிது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஓ.ஆர்.எஸ். என்னும் வாய்வழி நீரேற்றக் கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்க வேண்டும். இந்த அளவில்தான் குளுக்கோஸ் உப்பைக் குடல் சுவருக்குள் இழுத்துச் செல்கிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகிறது. பழச்சாறு வகைப் பானத்திலோ 100 மில்லிக்கே 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். அவ்வளவு சர்க்கரை உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து வெளியேற்றிவிடும். உப்போ போதாது.

இது தெரிந்தும், "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல" என்று ஒரு மூலையில் அச்சிட்டுவிட்டு, இத்தகைய பானங்களைப் பெயரில் அந்த எழுத்துகளைச் சேர்த்தே விற்க 2022-லும் 2024-லும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. கைக்குழந்தையோடு கவுன்ட்டரில் நிற்கும் தாய் பொடி எழுத்தைப் படிப்பாள் என்று எந்த அதிகாரி நம்பினாரோ! ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. உணவுப் பொருளின் பெயரில் அந்த மூன்றெழுத்து வரக் கூடாது என்பதே இன்றைய நிலை. பெயர் மாறினாலும், "அதேதான் இது" என்று எடுத்துத் தரும் கை மாறிவிடாது. ஆகவே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது பானம். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட், குளுக்கோஸ் ஆகியவற்றின் கிராம் அளவும் மருந்துத் தயாரிப்பு உரிம எண்ணும் இருந்தால்தான் அது மருந்து.

சரியான பாக்கெட் வாங்கியவர்களும் கரைப்பதில் தவறுகிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கலக்குவது ஆபத்து. உப்பு அளவுக்கு மீறி ஏறி குழந்தைக்கு வலிப்பே வரலாம். ஒரு லிட்டர் குடிநீர் பாட்டிலை அளவாக வைத்து, காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பொடியை மடித்து வைக்காதீர்கள். சிறிய பாக்கெட் என்றால் அதன்மேல் எழுதிய அளவு நீர்தான். சர்க்கரையோ பாலோ சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பேதியானதும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி. இதோடு துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்துகிறவர்களே அதிகம் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: 14 நாள்.

"குடித்ததெல்லாம் வாந்தி எடுக்கிறான், டிரிப்ஸ் போட்டால்தான் சரியாகும்" என்பார்கள். பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். பல் முளைக்கிற பேதி, தானே நிற்கும் என்று காத்திருப்பதும் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவதும் நீர் இழப்பை ஈடுகட்டுவதில்லை, நேரத்தைத்தான் தின்கின்றன. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்துவது இன்னொரு தவறு. பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. கண் குழிவிழுந்து போனால், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.

கரைசல் பொடியும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. "ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வர் உதவி மையம் 1100. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு இருப்புப் பதிவேட்டின் நகலையும் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பானத்தை மருந்தென்று விற்ற கடை மீது மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம். குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். இதற்கெல்லாம் பில் வேண்டும், பானத்தின் காலிப் பெட்டியும் வேண்டும். இரண்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.