உங்களுக்குத் தெரியுமா? வாக்வம் கிளீனர் கம்பெனி தந்த ஃபோர்க்

மேடுபள்ளத்தில் ஓடும் டிரெயில் பைக்குக்கு உயிரே முன்பக்க டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தான். பி.எம்.டபிள்யூ. 1935-இல் அதைக் கொண்டுவருவதற்கு முன்பே, டென்மார்க்கின் வாக்வம் கிளீனர் கம்பெனி ஒன்று அதை விற்பனைக்கு விட்டுவிட்டது!

• கம்பெனி, ஃபிஸ்கர் அண்ட் நீல்சன். நில்ஃபிஸ்க் வாக்வம் கிளீனரும் இவர்களுடையதே. வண்டியின் பெயர் நிம்பஸ். 1934-இல் வந்த ‘சி’ மாடல்.

• 746 சி.சி., நான்கு சிலிண்டர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். ராக்கர்களுக்கு மூடியே இல்லை. எஞ்சின் ஓடும்போது அவை துள்ளுவதை நின்று பார்க்கலாம்; அலுக்கவே அலுக்காத காட்சி. சத்தத்தைக் கேட்டு டேனிஷ்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஹும்லெபி’, அதாவது ரீங்காரமிடும் பெரிய தேனீ.

• உற்பத்தி நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைப்பதால், டென்மார்க்கில் நிம்பஸ்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

• கிடப்பில் கிடந்த டிரெயில் பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா? ஃபோர்க் பைப்பில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். துருக்குழியில் நகம் சிக்கினால், புது ஆயில் சீல் போட்டாலும் கிழிந்து எண்ணெய் ஒழுகும். முதலில் பைப்பைச் சரிசெய்யுங்கள்.