பேஸ் கிற்றாருக்கு மாற்றுப் பிக்கப்: வன்னி மேடைகளை முன்வைத்து ஒரு நோக்கு

இசைக்கருவியொன்றின் நாதம் பற்றிய பேச்சு எம்மிடையே பெரும்பாலும் தனிமனித ரசனை பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. கூத்தையும் நாட்டார் பாடலையும் ஆராயும்போது ரசனையின் பொருளியல் அடித்தளத்தை வற்புறுத்தும் நாம், மின்னிசைக் கருவிகள் என்று வரும்போது அதனை மறந்துவிடுகிறோம். அண்மையில் கிளிநொச்சிப் பகுதி இசைக்குழுவொன்று தனது பேஸ் கிற்றாரின் பிக்கப்பை மாற்றுவது பற்றி எம்மிடம் கருத்துக் கேட்டது. இலக்கிய மாணவரிடம் கேட்கும் விடயமா இது என வாசகர் நகைக்கலாம். எம்முள் ஒருவர் பல்கலைக்கழக நாள்களில் இக்கருவியை வாசித்தவர் என்பதே இதற்கான விடை.

பிக்கப் என்றதும் வன்னி வாசகருக்கு நெல்மூடை ஏற்றும் வாகனமே நினைவுக்கு வரும். இங்கு நாம் கருதுவது தந்திகளின் கீழே பொருத்தப்பட்டுள்ள, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சிறு உறுப்பையாகும். காந்தம் உருக்குத் தந்தியைக் காந்தமேற்றுகிறது. தந்தி அதிரக் காந்தப்புலம் மாறுகிறது. தலைமயிரளவு மெல்லிய செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட சுருளில் மின் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபரடே கண்ட தத்துவத்துக்கு மேலாக இதில் எதுவுமில்லை.

ஆயின் இச்சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை. சூழவுள்ள மின்கம்பிகள், விளக்குகள், ஒலிபெருக்கியின் மின்மாற்றி ஆகியவற்றின் காந்தப்புலத்தையும் அது வாங்கி இரைச்சலாக்குகிறது. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. நான்கு தந்திப் பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி 41.2 அலைவுகளில் ஒலிக்கிறது; வீணையிற் போலக் கழுத்தில் அமைந்த மெட்டுக்களுள் மூன்றாவதில் அதனை அழுத்தினால் 49, நான்காவதில் 51.9. எனவே இரைச்சலின் அடிப்படை அலைவு கருவியின் சொந்த எல்லைக்குள்ளேயே, அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையே வந்து விழுகிறது. கீழ்நாதத்தைக் குறைத்து அதனை நீக்க முற்பட்டால் பேஸ் கிற்றாரையே நீக்கியவராவோம். பாரம் ஏறியிறங்கும் மின்பிறப்பாக்கியிலோ அந்த 50 நிலையாக நிற்பதுமில்லை.

ஆகவே முதல் தெரிவு சுருளின் அமைப்புப் பற்றியது. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸில் ஒற்றைச் சுருளே இருந்தது. 1957இல் அது இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் இவ்விரு தந்திகளுக்கு உரியது. காந்த முனைகளும் சுருள்களின் திசையும் எதிரெதிராதலால் வெளி இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி எஞ்சுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டு. அவற்றைச் சம அளவில் திறந்தால் அமைதி, ஒன்றை மட்டும் திறந்தால் இரைச்சல். ஜாஸ் வகைக் கருவி வைத்திருப்போர் அதே அளவுள்ள, இரைச்சல் நீக்கும் இரட்டைச் சுருள் வகையைத் தேடுதல் நன்று.

அடுத்தது, உள்ளே பெருக்கிச் சுற்றுள்ள ‘அக்ரிவ்’ வகையா, அஃதற்ற ‘பசிவ்’ வகையா என்பது. முன்னையது பொதுவாக 9 வோல்ற்றுப் பற்றரியின்றி இயங்காது. 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. அந்நாளில் இத்தெரிவு எழுந்திருக்கவே முடியாது. இன்று பற்றரி கடையிற் கிடைக்கிறது. வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவைத்தால் பல மாதம் உழைக்கும். எனினும் நள்ளிரவு மேடையில் அது செத்தால் கருவியும் ஊமையாகும்.

இவ்விடத்தில் எமது முடிவைத் தடுமாறச் செய்த விடயமொன்றைக் கூறவேண்டும். பசிவ் கருவிகளில் தந்திகள் ஒலிபெருக்கியின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்புடையவை. வாசிப்பவரின் கை பட்டதும் இரைச்சல் தணிவது இதனாலேயே. ஆனால் புவித்தொடுப்பில்லாத மேடையில் அச்சட்டத்தில் மின்கசிவு ஏற்படின் தந்திகளும் உயிர்க்கம்பிகளாகிவிடும். ஒரு கை தந்தியிலிருக்க, உதடு மைக்கில் பட்டாற் போதும். 1972இல் பிரித்தானிய கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி புவித்தொடுப்பற்ற மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். ஈ.எம்.ஜி. போன்ற அக்ரிவ் பிக்கப்புகளில் தந்திகளுக்கான அத்தொடர்பு தேவையில்லை. அதனைத் துண்டிக்குமாறே தயாரிப்பாளர் அறிவுறுத்துகின்றனர். ஆபத்து குறைகிறது, அற்றுவிடுவதில்லை. பாடகருக்கும் ஏனைய வாத்தியக்காரருக்கும் அதனால் எப்பயனுமில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். எனவே பிக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மின்பிறப்பாக்கியின் புவித்தொடுப்புக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும், அவற்றைச் சரிவரப் பொருத்தும் மின்வினைஞரின் கூலிக்கும் செலவிடுமாறு அக்குழுவினரிடம் கூறினோம். அவர்கள் எதிர்பார்த்த விடை இதுவன்று.

சந்தை விற்பதோ வேறொன்று. ‘வின்ரேஜ்’ என்ற சொல்லுக்கே விலை ஏறுகிறது. அபிகெயில் இபாரா என்ற பெண் தொழிலாளி 1950களிலிருந்து ஃபெண்டர் தொழிற்சாலையில் பிக்கப் சுற்றியவர்; 2013இல் ஓய்வுபெற்றார். பல்லாண்டு பெயரற்றிருந்த அவ்வுழைப்பு, பிற்காலத்தில் அவர் பெயராலேயே உயர்விலைப் பண்டமாயிற்று. அக்கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்த நாட்டில், அந்த விலையை யார் கொடுப்பது? மலிவான பெரைற்றுக் காந்தமும் இரைச்சல் நீக்கும் சுருளும் கொண்ட பிக்கப் திருவிழா மேடைக்குப் போதுமானது. அலுமினியம், நிக்கல், கோபாற்று கலந்த அல்னிகோ காந்தத்தின் நாதம் பொதுவாகச் சற்று மென்மையானது என்பர். இக்குழுக்கள் வாசிப்பவை பெரும்பாலும் இளையராஜாவின் பாடல்கள். அவற்றில் பேஸ் கிற்றார் தாளத்தைத் தாங்குவதோடு நில்லாமல் தனக்கென ஒரு மெட்டை நடத்திச் செல்வது. எனவே வெறும் அடிமுழக்கத்தைக் காட்டிலும் நடுநாதத் தெளிவே அங்கு வேண்டப்படுவது.

மேற்சொன்ன குழுவின் கருவி பிரெசிஷன் வகையின் மலிவான போலி. நாம் பரிந்துரைத்தது பிளவுச் சுருள் கொண்ட பசிவ் பிக்கப்பை. வாங்குமுன் பழையதன் நீள அகலங்களையும் திருகாணித் துளைகளின் இடைவெளியையும் மில்லிமீற்றரில் அளந்தாக வேண்டும். பெரும்பாலான பசிவ் வகைக்கு 250 கிலோ ஓம், அக்ரிவ் வகைக்கு 25 கிலோ ஓம் கட்டுப்படுத்திகள் பொருந்தும். பழையதைக் கழற்றுமுன், அதன் உயரத்தைத் திருகாணியால் மாற்றி, கடைசி மெட்டில் அழுத்திய தந்திக்கும் பிக்கப்புக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பார்த்தோம். உட்குழியில் செப்புத்தாள் ஒட்டி அதனைத் தரைக்கம்பியோடு இணைத்தோம். இரைச்சலிற் பாதி அன்றே தணிந்தது. மீதிக்கு மட்டுமே புதிய பிக்கப் தேவைப்பட்டது.