ஆன்லைனில் எம்.டெக்: நேரில் சந்திக்காத 5 பேர் எப்படி ஒரு டீம் ஆவது?

ஞாயிறு இரவு 11 மணி. திங்கள் காலை 10 மணிக்கு புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் 5 பேர். சென்னையில் ஒருவர், புனேயில் ஒருவர், கோவையில் ஒருவர், ஹைதராபாத்தில் நைட் ஷிஃப்டில் ஒருவர். "என் பார்ட் முடிச்சுட்டேன், நீங்க சேர்த்துடுங்க" என்று நான்கு பேரிடமிருந்தும் செய்தி வந்துவிட்டது. பெங்களூருவில் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்தாவது ஆள் நீங்கள்.

நான்கு பகுதிகளையும் சேர்க்கிறீர்கள். எதுவும் எதோடும் பொருந்தவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் எம்.டெக், எம்சிஏ படிக்கும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எங்க டீம் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்பார்கள். பிட்ஸ் பிலானி போன்ற நிறுவனங்கள் பணியில் இருப்பவர்களுக்காக முதுநிலைப் படிப்புகளை நடத்துகின்றன. ஐஐடிகள் பலவும் இதில் இறங்கிவிட்டன. வகுப்பு வார இறுதியில் அல்லது இரவில். சக மாணவர்கள் திரையில் தெரியும் பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயர்களோடு சேர்ந்து ஒரு பொருளை வடிவமைத்து முடிக்க வேண்டும்.

இதில் டீம்வொர்க் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் குழுவாகச் சேர்த்துவிட்டால் மட்டும் அது தானாக வந்துவிடாது. ஏன் என்று பார்ப்போம்.

பாடத்திட்டத்தில் டீம்வொர்க் எங்கே இருக்கிறது?

பொறியியல் படிப்புகளின் தரத்தை மதிப்பிடுவது தேசிய அங்கீகார வாரியம் (என்பிஏ). 2014இல் இந்த வாரியத்தின் வழியாக இந்தியா, வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான ஒப்பந்தம் இது.

இளநிலைப் பொறியியல் மாணவர் படிப்பை முடிக்கும்போது பெற்றிருக்க வேண்டிய திறன்கள் என்று என்பிஏ பல ஆண்டுகள் பயன்படுத்திய பட்டியலில் 12 அம்சங்கள் இருந்தன. அதில் 9ஆவது, தனியாகவும் குழுவாகவும் வேலை செய்யும் திறன்.

முதுநிலைக்கு வாரியம் வகுத்த பட்டியலில் இருப்பவை மூன்றே மூன்று. சுயமாக ஆய்வு செய்வது, தொழில்நுட்ப அறிக்கை எழுதி விளக்குவது, துறையில் தேர்ச்சி காட்டுவது. டீம்வொர்க் என்ற அம்சம் இதில் தனியாக இல்லை. கல்வி நிறுவனங்கள் விரும்பினால் தாங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதாவது, பி.டெக்கிலேயே கற்றிருப்பீர்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஹாஸ்டல் அறையில் விடிய விடிய உட்கார்ந்து நண்பர்களோடு செய்த புராஜெக்ட் வேறு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு ஷிஃப்டில் இருக்கும் அந்நியர்களோடு செய்வது வேறு. ஆபீஸ் மாதிரியும் இல்லை. அங்கே ஒரு மேனேஜர் இருப்பார், இங்கே யாரும் யாருக்கும் பாஸ் இல்லை.

ஆள் கூடினால் வேலை ஏன் கூடுவதில்லை?

பிரான்ஸைச் சேர்ந்த வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துச் சோதித்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். இழுக்கும் ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட, தலைக்கு எவ்வளவு விசை என்பது குறைந்துகொண்டே போனது. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாகக் காட்டிய பலத்தில் சுமார் பாதிதான் வந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரே நேரத்தில் ஒரே திசையில் இழுப்பது கஷ்டம். இரண்டு, "நான் கொஞ்சம் குறைச்சு இழுத்தா யாருக்குத் தெரியப்போகுது" என்ற நினைப்பு. உளவியலாளர்கள் கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ், பிப் லட்டானே 1981இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டாவதைத் தொட்டது. ஒவ்வொருவரின் பங்கும் தனியாக அடையாளம் காணப்படும் என்று தெரிந்தால், அந்தச் சோம்பல் பெருமளவு மறைந்துவிடுகிறது.

இந்த ஒரு கண்டுபிடிப்பை நினைவில் வையுங்கள். யார் என்ன செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் குழு வேலை செய்யும். ஹாஸ்டல் அறையில் அது தானாகவே தெரிந்தது. ஆன்லைனில் நாம்தான் தெரியவைக்க வேண்டும்.

முதல் காரணத்துக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் சாஃப்ட்வேர் திட்டங்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் அதைச் சுட்டிக்காட்டினார். 3 பேர் குழுவில் இருவர் இருவராகப் பேச 3 இணைப்புகள். 5 பேரானால் 10. 8 பேரானால் 28. ஆள் ஒன்றரை மடங்கு கூடினாலே பேச்சு வேலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எல்லோரும் எல்லோரிடமும் பேசித்தான் வேலை நடக்கும் என்றால், பேசியே செமஸ்டர் முடிந்துவிடும். அதனால் பிரித்துக்கொள்கிறோம். சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

நிரம்பிய தொட்டியும் ஓடும் மோட்டாரும்

ஒரு புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டியின் அளவைப் பார்த்து, மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கருவி. 5 பேர் பிரித்துக்கொள்கிறார்கள்: சென்சார், பேட்டரி, கோட், மேல் பெட்டி, சோதனையும் அறிக்கையும்.

சென்சார் பார்ப்பவர், அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொட்டி மூடியின் அடியில் பொருத்துகிறார். அது மூடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை உள்ள தூரத்தை அளக்கும். தொட்டியின் உயரம் 150 செ.மீ. சென்சார் 30 என்று காட்டினால், தண்ணீர் 120 செ.மீ. இருக்கிறது என்று அர்த்தம். தொட்டி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது.

கோட் எழுதுபவருக்குக் கிடைத்தது "சென்சார் செ.மீ.-இல் அளவு கொடுக்கும்" என்ற ஒரு வரி. 30 என்று வந்ததும், தண்ணீர் 30 செ.மீ.தான் இருக்கிறது என்று அவர் கோட் முடிவுசெய்கிறது. மோட்டாரைப் போடுகிறது. தண்ணீர் ஏற ஏற எண் இன்னும் குறைகிறது. மோட்டார் நிற்கவே நிற்காது.

பேட்டரி பார்ப்பவர், 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கோட் ஒவ்வொரு நொடியும் அளக்கிறது. அவர் நினைத்ததைவிட 600 மடங்கு அதிக அளவீடுகள்.

இங்கே யார் தப்பு செய்தது? தனித்தனியாகப் பார்த்தால் யாருமே இல்லை. ஐந்து பகுதிகளும் சரி. தப்பு இருப்பது ஒரு பகுதி இன்னொன்றைத் தொடும் இடத்தில். பொறியாளர்கள் இதை இன்டர்ஃபேஸ் என்பார்கள். அந்த இடத்துக்குப் பொறுப்பாக யாரையும் போடவில்லை.

மாணவர்கள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் குழு இருந்தது டென்வர் பக்கம். வழிநடத்திய நாசா குழு இருந்தது கலிஃபோர்னியாவின் பாசடீனாவில். ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு அலகில் எண்களைக் கொடுத்தது. மறுதரப்பு அவற்றை மெட்ரிக் அலகாக எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எண்கள் சரியாக இல்லையே என்ற சந்தேகம் வழிநடத்தும் குழுவில் சிலருக்கு முன்பே வந்திருந்தது. ஆனால் அது முறையான வழியில் பதிவாகவில்லை. "இது சரியா?" என்று எழுதிக் கேட்பதும், எழுதிப் பதில் சொல்வதும்தான் டீம்வொர்க்கின் பெரும்பகுதி. தொலைவில் இருந்து படிப்பவருக்கு இதைப் பழக நல்ல வாய்ப்பு இருக்கிறது. பக்கத்து மேசைக்குப் போய்க் கேட்க வழியில்லாததால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மார்க்கா?

குழு புராஜெக்டில் அதிகம் புகைவது மார்க்தான். வேலை செய்தவருக்கும் பெயர் மட்டும் போட்டவருக்கும் ஒரே மதிப்பெண். இதைச் சரிசெய்யப் பல இடங்களில் சக மாணவர் மதிப்பீடு வைக்கிறார்கள். அதில் ஒரு முறை இப்படி.

குழுவின் மதிப்பெண் 70 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு 5க்கு மதிப்பு போடுகிறார்கள். குழுவின் சராசரி 4. உங்களுக்கு மற்றவர்கள் தந்த சராசரி 4.4 என்றால், 4.4ஐ 4ஆல் வகுக்க 1.1. உங்கள் மதிப்பெண் 77. இன்னொருவருக்கு 3.2 என்றால் 0.8, அவருக்கு 56.

கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் "நமக்கு ஏன் வம்பு" என்று எல்லோரும் எல்லோருக்கும் 5 போட்டுவிட்டால்? அனைவருக்கும் 70. இந்த முறை இருந்தும் இல்லாத மாதிரி.

அதற்கு ஆதாரம் வேண்டும் என்று கிட்ஹப்பில் யார் எத்தனை கமிட் போட்டார் என எண்ணுவார்கள். தினமும் எண்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் இதில் ஒரு எச்சரிக்கை. எண்ண எளிதாக இருப்பது எல்லாம் பங்களிப்பு ஆகிவிடாது. தொட்டி புராஜெக்டில் "சென்சார் தூரத்தை அளக்குதா, ஆழத்தையா?" என்று மூன்றாவது வாரம் ஒருவர் கேட்டிருந்தால், அவர் பெயரில் ஒரு வரி கோட் கூட இருக்காது. ஆனால் புராஜெக்டைக் காப்பாற்றியவர் அவர்தான். அதனால் கோடோடு சேர்த்து, கேட்ட கேள்வி, எடுத்த முடிவு, கண்டுபிடித்த பிழை மூன்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் பெயர், தேதியோடு குறித்துவையுங்கள்.

இரவு 9 மணி யாருக்கு வசதி?

வேலை செய்யாதவர் எல்லாரும் ஏமாற்றுபவர் இல்லை. ஒருவருக்கு ரிலீஸ் வாரம். ஒருவருக்குக் கைக்குழந்தை. "எல்லாரும் ஃப்ரீயா இருப்போம்ல" என்று இரவு 9 மணிக்கு மீட்டிங் வைப்பதில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிட்டார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். இது எல்லாத் தரப்பினருக்குமான சராசரி. உங்கள் குழுவில் நிலைமை வேறாக இருக்கலாம். ஆனாலும் இரவு 9 மணிக்குச் சமையலறையில் யார் நிற்கிறார் என்று கேட்காமல் நேரம் குறித்தால், ஒருவர் கேமராவை அணைத்துவிட்டு மியூட்டில் இருப்பார். கடைசியில் 'பார்ட்டிசிபேஷன் இல்லை' என்று அவருக்கு 3.2 போடுவோம்.

சரி, என்ன பண்ணலாம்?

1. முதல் கூட்டத்தில் வேலையைப் பிரிக்காதீர்கள். யாருக்கு எந்த நேரம் முடியும், எந்த வாரம் முடியவே முடியாது, பதில் வர எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம் என்பதை முதலில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

2. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன எண், என்ன அலகு, எங்கிருந்து அளப்பது, எத்தனை நொடிக்கு ஒருமுறை. அந்த வரியை இரண்டு பக்கத்துக்காரர்களும் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. இரண்டாவது வாரமே சேர்த்துப் பாருங்கள். சென்சார் தயாராக வேண்டியதில்லை. 30, 60, 120 என்று போலி எண்களை அனுப்பினாலே மோட்டார் தப்பாக ஓடுவது தெரிந்துவிடும்.

4. பாத்திரங்களை மாற்றுங்கள். தினமும் கோட் எழுதுபவர் இங்கேயும் கோட் எழுதினால் என்ன புதிதாகக் கற்பார்? ஒருங்கிணைப்பை மாற்றி மாற்றி எடுங்கள்.

5. பாதி வழியில் ஒருமுறை சக மதிப்பீடு செய்யுங்கள், மார்க் இல்லாமல். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போது சொன்னால்தான் அது உதவி. கடைசி நாளில் சொன்னால் புகார்.

6. உங்கள் கம்பெனியின் கோடையோ தரவையோ புராஜெக்டுக்குள் கொண்டுவராதீர்கள். குழுவில் இருப்பவர் போட்டி நிறுவனத்தில் வேலை பார்க்கலாம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் அங்கீகாரம். யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் பொறியியல் பட்டங்களைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த அனுமதிப்பதில்லை. எம்சிஏ போன்ற சில படிப்புகளுக்கு உரிய ஒப்புதலோடு அனுமதி உண்டு. ஐஐடிகள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. ஏஐசிடிஇ ஒப்புதலின்றி தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொடர்பான வழக்கில், 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பல மாணவர்கள் பட்டத்தை இழந்தார்கள். "பணியாளர்களுக்கான எம்.டெக்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எந்த அனுமதியின் கீழ் நடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, கவுன்சிலிங் அழைப்பில் யாரும் கேட்காத மூன்று கேள்விகள். குழு புராஜெக்ட் இருக்கிறதா? குழு எப்படி வேலை செய்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டா, இல்லை கடைசி அறிக்கைக்கு மட்டுமா? ஒருவர் பாதியில் படிப்பை விட்டால் மீதிப் பேருக்கு என்ன ஏற்பாடு?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால், அங்கே டீம்வொர்க் சொல்லித்தருகிறார்கள். இல்லையென்றால் அந்த வேலை உங்கள் குழுவின் தலையில்தான். அப்போது "மூடியிலிருந்து தண்ணீர் வரை, செ.மீ.-இல், 10 நிமிடத்துக்கு ஒருமுறை" என்ற வரியை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். ஞாயிறு இரவு 11 மணிக்கு நீங்கள் தூங்கலாம்.