இழுத்தா போதுமா... நிக்க வேண்டாமா?

டெக்ஸாஸில் பழைய பிக்-அப் வாங்குகிறவன் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு இழுக்கும்?" என்னுடைய 1995 ஃபோர்டு எஃப்-150 தாராளமாக இழுக்கும். சரி, நிறுத்துறது யாரு சார்?

கணக்குப் பாருங்கள். வண்டி சுமார் 2 டன். பின்னால் மாட்டுகிற இரட்டை ஆக்ஸில் டிரெய்லர், சாமானோடு 5000 பவுண்ட். அதாவது 2,270 கிலோ. மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளைத் தோழன் குண்டு! இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் தோழன் முதுகில் கைவைத்துத் தள்ளுவான். டெக்ஸாஸ் சட்டப்படி 4500 பவுண்டுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் 3000 பவுண்டிலேயே கேட்கிறார்கள்.

என் டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தது. வண்டியில்தான் கோளாறு. பழைய ஓனர் விட்டுப் போனது நாலு பின் பிளக். பின் விளக்கு, இடது, வலது, எர்த்... அவ்வளவுதான். பிரேக்குக்கு வயரே கிடையாது. ஏழு பின் சாக்கெட் போட்டால்தான் பிரேக், பேட்டரி, ரிவர்ஸ் விளக்கு மூன்றும் கிடைக்கும்.

எலெக்ட்ரிக் பிரேக் ரொம்ப எளிமையான சமாச்சாரம். டிரம்முக்குள்ளே ஒரு மின்காந்தம். கரண்ட் வந்ததும் சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதை இழுக்க, அதோடு சேர்ந்த நெம்புகோல் பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு கரண்ட் விடுவது என்று தீர்மானிக்கிற பெட்டிதான் பிரேக் கன்ட்ரோலர். விலை குறைந்த ரகம், பெடலை மிதித்ததும் குறிப்பிட்ட நேரத்தில் கரண்டை ஏற்றும். நீங்கள் மெள்ள மிதித்தாலும் சரி, பதறி மிதித்தாலும் சரி, அதற்குக் கவலையில்லை. இன்னொரு ரகம், வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று உணர்ந்து அதற்கேற்பக் கொடுக்கும். காசு கூடத்தான், ஆனால் நான் அதைத்தான் வாங்கினேன். இதில் போய் கஞ்சத்தனமா?

கன்ட்ரோலரில் நாலே வயர். கறுப்பு, பேட்டரிக்கு. வெள்ளை, எர்த். நீலம், டிரெய்லர் பிரேக்குக்கு. ஒரு காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் குடிக்கும். நாலு சக்கரத்துக்கு 12. அதனால் நீலத்துக்கும் கறுப்புக்கும் 10 கேஜ் தடிமன் வயர், பேட்டரி பக்கத்திலேயே 30 ஆம்பியர் பிரேக்கர். ஒல்லி வயர் போட்டால் பாதி கரண்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும்.

நாலாவது, சிவப்பு. வில்லன் இவன்தான். இந்தப் பழைய பிக்-அப்பில் பின்னாலிருக்கும் ஒரே சிவப்பு பல்புதான் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும். சிவப்பு வயரை அங்கே கட்டினால், நீங்கள் திரும்ப சிக்னல் போடும்போதெல்லாம் டிரெய்லர் 'டக் டக்' என்று பிரேக் பிடிக்கும்! பெடல் ஸ்விட்சில், மிதித்தால் மட்டும் கரண்ட் வருகிற முனையில்தான் கட்ட வேண்டும். டெஸ்ட் லைட்டோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்தேன். மனைவி பின்னால் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏங்க, எரியுது."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும். ஆனா இடது சிக்னல் போட்டா வலதும் லேசா மினுக்குதே?"

சபாஷ்! அவள் கண்டுபிடித்தது எர்த் கோளாறு. டிரெய்லரின் வெள்ளை வயர் துருவின் மேல் உட்கார்ந்திருந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து ஓடுகிறது. வெள்ளை இரும்பு தெரிகிற வரை சுரண்டி, போல்ட் போட்டு முறுக்கினேன். மினுக்கல் நின்றது. கொக்கியின் குண்டு வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். கிரீஸ் தடவிய குண்டை நம்பி பிரேக்கை ஒப்படைக்கலாமா?

அப்புறம் காலி ரோடு, மணிக்கு 25 மைல். கன்ட்ரோலரின் கைநெம்பை மட்டும் தள்ளிப் பார்த்தேன். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்கிற வரை கரண்டைக் கூட்டி, அங்கிருந்து ஒரு பிடி குறைத்தேன். சரக்கு மாறினால் இந்த அளவும் மாறும். காலி டிரெய்லரில் அதே அளவை விட்டால் டயர் தேயும். வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிந்தாலும் அந்தக் கைநெம்புதான் கதி. வண்டி பெடலைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் பிடித்தால் நேராகும்.

கடைசியாக, டிரெய்லர் மூக்கில் ஒரு சின்ன பேட்டரியும், கம்பி கட்டிய ஒரு ஊசியும் இருக்கும். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடினால் ஊசி பிடுங்கிக்கொண்டு, அந்த பேட்டரியே பிரேக் போடும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஊசியைப் பிடுங்கி, சக்கரம் பூட்டுகிறதா என்று பார்க்கிறேன். திரும்பச் செருகினோமா என்று பார்ப்பது மனைவியின் இலாகா.