சிக்னல் ஃபுல், இன்டர்நெட் மட்டும் ஸ்லோ. ஏன்?

புதுக் கம்ப்யூட்டரை செல்போன் ஹாட்ஸ்பாட் மூலம் இன்டர்நெட்டில் இணைத்திருக்கிறீர்களா? போனில் எல்லாக் கோடுகளும் தெரியும்; ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். கடைசித் தேதியில் விண்ணப்பம் அனுப்புபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே கோடுகள் காட்டும். அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது அதில் தெரியாது.

ஒரே இடத்தில் பல அலைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவியிருக்கலாம். உதாரணமாக ஜியோவின் 4ஜி சேவை 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றில் இயங்குகிறது. 850 வெகுதூரம் போகும். சுவரையும் எளிதில் தாண்டும். 2300 அவ்வளவு தூரம் போகாது; ஆனால் பாதை அகலமானது. எங்கள் ஊர் கனகம்மாசத்திரம் போல டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் இடங்களில், வீட்டுக்குள் 850தான் கை கொடுக்கும். எல்லோரும் அதிலேயே குவிந்தால் நெரிசல்தான்.

போன் ஒரு டவரிலிருந்தோ அலைவரிசையிலிருந்தோ இன்னொன்றுக்கு மாறுவதை ஹேண்டோவர் என்கிறோம். இங்கிருந்து பஸ்ஸில் பேசிக்கொண்டே திருத்தணி போனாலும் அழைப்பு அறுபடாதது இதனால்தான். போன் அக்கம்பக்கத்து சிக்னல்களை அளந்து சொல்லும், முடிவெடுப்பது நெட்வொர்க். வேறு அலைவரிசையை அளக்க, பொதுவாக 6 மில்லி செகண்ட் தன் வேலையை நிறுத்திவிட்டு அங்கே காது கொடுக்கும். பக்கத்து சிக்னல் கொஞ்ச நேரமாவது தொடர்ந்து நன்றாக இருந்தால்தான் மாற்றுவார்கள். இல்லாவிட்டால் போன் பந்து போல இங்கும் அங்கும் துள்ளும்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் காவடிக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு அலைவரிசை நிரம்பி, இன்னொன்றில் இடமிருந்தால், நெட்வொர்க் சில போன்களை அங்கே தள்ளிவிடும். அப்போது கோடுகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறையலாம், வேகமோ கூடும்! பயப்பட வேண்டாம், போன் பழுதாகவில்லை. எல்லா அலைவரிசையும் நிரம்பிவிட்டால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. வண்டியில் தற்காலிக டவர் கொண்டு வருவது அதற்காகத்தான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹாட்ஸ்பாட் போனை பீரோ பக்கத்தில் வைக்காமல், ஜன்னலோரம் வையுங்கள். 2300 போனுக்கு எட்டினால்தானே நெட்வொர்க் அதை அங்கே மாற்ற முடியும்! பிறகு கோடுகளை எண்ணாமல், ஸ்பீடு டெஸ்ட் செய்து பாருங்கள்.